மீரானைக் கூப்பிட்ட தீவு

ஜாஹிரா பீவியைப் பற்றிச் சொல்வதென்றால் புளியங்குடி எலுமிச்சை மண்டியில்தான் தொடங்க வேண்டும். அவருடைய வாப்பா அங்கே கமிஷன் கடை வைத்திருந்தார். லீவு நாட்களில் வாப்பாவுக்குச் சோற்றுத்தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஏலம் முடிகிறவரை சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாராம். இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டுக் கத்துகிற இடம் அது. யார் எவ்வளவு கேட்டார் என்று வாப்பாவுக்குக் குழப்பம் வந்தால் மகளைத் திரும்பிப் பார்ப்பார். "கட்டம் போட்ட கைலிக்காரரு கேட்டதுதான் கூட, வாப்பா" என்று இவர் சொல்வார். அத்தனை சத்தத்தில் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கிற காது. இந்தக் கதையை அவர் புருஷன் மீரான் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். பெண்டாட்டி பெருமை பேசுவதில் அவனுக்கு அலுப்பே கிடையாது. "போதும்லே, இத நேத்தே சொல்லிட்ட" என்று நான்தான் வாயை அடைப்பேன்.

முகம்மது மீரானும் நானும் ஹாம் ரேடியோ பைத்தியங்கள். ஹாம் ரேடியோ என்றால் எஃப்.எம்.மில் பாட்டுப் போடுவதா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் ஆயுசில் பாதி போய்விட்டது. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் நாமே ஆன்டெனா கட்டி, உலகத்தில் இதே பைத்தியம் பிடித்த இன்னொருவனோடு பேசுவது. அவ்வளவுதான் விஷயம். "செல்போன்ல பேச வேண்டியதுதானே அத்தான்" என்பான் என் மைத்துனன். அவனுக்கு விளக்கம் சொல்கிற நேரத்தில் ஐந்தருவியில் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

பேசுவது என்றுகூடச் சொல்ல முடியாது. எங்களில் தூரத்துக்குத் துரத்துகிறவர்கள் ஒரு வகை. ஆள் இல்லாத தீவு, எவனும் போகாத மூலை, அங்கே நாலைந்து கிறுக்கர்கள் கூடாரத்தோடும் ஜெனரேட்டரோடும் போய் இறங்கி இரண்டு வாரம் ரேடியோ போடுவார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவனும் கத்துவது அவனுடைய கால்சைனை மட்டும்தான். ஆளுக்கு ஆள் மாறுகிற, லைசென்ஸோடு வருகிற எழுத்தும் எண்ணும்தான் கால்சைன். எங்கள் உலகத்தில் அதுதான் பெயர், ஊர், சாதி, மதம் எல்லாம். அந்த நெரிசலில் நம்முடையது தீவுக்காரன் காதில் விழுந்தால் அவன் அதைத் திருப்பிச் சொல்வான். கூடவே ஐந்து ஒன்பது ஒன்பது என்பான். உன் சத்தம் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். நாமும் அதையே சொல்லி, நன்றி என்போம். அந்தத் தீவு நம் கணக்கில் ஒரு நாடாகச் சேர்ந்துவிடும். முடிந்தது. கேட்கவே கேட்காமல் முக்கிமுனகிப் பிடித்த சத்தத்துக்கும் அதே ஐந்து ஒன்பது ஒன்பதுதான். எங்களுக்குள் அனுமதிக்கப்பட்ட பொய் அது ஒன்றுதான்.

மற்றதில் பொய் கூடாது. அடுத்தவன் கால்சைனைச் சொல்லிக் கூப்பிடுகிறவனை நாங்கள் திருடன் என்றே சொல்வோம். ஆள் இறந்துவிட்டால் கால்சைனும் அவனோடு அடங்கிவிட வேண்டும். செத்துப்போனவரை 'சைலன்ட் கீ' என்போம். புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டுகிற சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

மீரான் ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரத்தில் வீடு கட்டினான். மாடியில் ஓர் அறை எழுப்பி ரேடியோவை வைத்தான். நான் மின்வாரியத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு கரண்ட் இணைப்புக் கேட்டு வந்தவன் என் மேஜைமேல் கிடந்த மோர்ஸ் சாவியைப் பார்த்துவிட்டான். அதோடு நண்பர்களாகிவிட்டோம்.

லைசென்ஸ் பரீட்சைக்காக அவன் ராத்திரி பகலாக மோர்ஸ் தட்டிப் பழகியபோது, அடுப்படியில் இருந்த ஜாஹிரா அவனுக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டுவிட்டார். பரீட்சை எழுதத் திருவனந்தபுரம் போனவன் இவரையும் துணைக்கு அழைத்துப்போய், ஒரு விளையாட்டுக்கு இவரையும் எழுத வைத்தான். இருவருமே தேறினார்கள். ஜாஹிராவுக்குத் தனியாக ஒரு கால்சைன் வந்தது. அவர் அதைத் தொடக்கத்தில் சும்மா நாலு தடவை தட்டிப் பார்த்ததோடு சரி. "எனக்கெதுக்கு அண்ணாச்சி? அவுகளுக்குத்தான் நாடு சேக்குத ஆச" என்பார். மீரான் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். நெரிசலுக்குள் தீவுக்காரன் யாரைக் கூப்பிடுகிறான் என்று பிரித்துச் சொல்வது இவர் வேலை.

நாலு வருஷத்துக்கு முன் மீரானுக்குக் கை நடுக்கம் வந்தது. டம்ளரைப் பிடிக்கவே சிரமப்பட்டான். மோர்ஸ் சாவியில் நடுங்குகிற விரலை வைத்தால் ஒரு புள்ளி மூன்று புள்ளியாக விழும். அதிலிருந்து தட்டியது ஜாஹிராதான். அவன் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், இவர் அவனுடைய கால்சைனைத் தட்டுவார். லைசென்ஸ்காரன் கூடவே இருக்கிறவரை எங்கள் வழக்கத்தில் அது தப்பில்லை. எனக்கு மட்டும் விஷயம் தெரியும். தட்டுகிற ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப்போல ஒரு கை உண்டு, பழகினவனுக்கு அது பிடிபட்டுவிடும். அந்தக் கடைசி நாலு வருஷத்தில் மீரானின் பெயரில் வானத்தில் போனதெல்லாம் ஜாஹிராவின் கை.

அவன் சேர்த்த நாடுகள் முந்நூறு இருக்கும். ஆனாலும் அவன் பேச்சு எங்கே தொடங்கினாலும் பூவே தீவில்தான் போய் முடியும். தென் அட்லாண்டிக்கில், தென் துருவத்துக்குப் போகிற வழியில் கிடக்கிற தீவு. பெயர்தான் அப்படி, இருப்பதெல்லாம் பனிக்கட்டியும் கடல் நாயும். முன்பு ஒரு குழு அங்கே போனபோது இவர்கள் இரண்டு பேரும் நாள் கணக்கில் கூப்பிட்டார்கள். கிடைக்கவில்லை. தீவு இருக்கிற தென்மேற்குத் திசையில்தான் மேலகரத்துக்குக் குற்றால மலை நிற்கிறது. "மலையத் தூக்கித் தள்ளி வைக்க முடியுமா? அடுத்த குழு போவட்டும், பாத்துக்கிடுதேன்" என்றான் மீரான்.

அடுத்த குழு ஜனவரிக் கடைசியில் போகிறது என்று அறிவிப்பு வந்தது. மீரான் நவம்பரில் போய்விட்டான். காலையில் டீ குடித்துவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற சிநேகிதன் என்ன சிநேகிதன்?

ஜாஹிரா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, வெளி ஆண்கள் முன்னால் வருவதும் இல்லை. மீரானின் அக்கா கடையநல்லூரிலிருந்து துணைக்கு வந்து தங்கினார். ஜாஹிராவுக்கு மதினி முறை. மகன் ஆசிக் ஷார்ஜாவில் இருக்கிறான். இத்தா முடிந்த கையோடு அம்மாவை அங்கே அழைத்துப் போவதென்று டிக்கெட்கூடப் பார்த்து வைத்துவிட்டான். பத்தாவது மாடி ஃப்ளாட். அங்கே ஆன்டெனா கட்டுகிற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வீட்டுக்குள் போக முடிந்தது என் பெண்டாட்டி நீலாவுக்கு மட்டும்தான். வாரத்துக்கு இரண்டு தடவை போய்விட்டு வருவாள்.

"எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. சாப்பிடுதாங்க, தொழுதாங்க, வெங்காயம் உரிச்சுக் குடுக்காங்க. என்ன கேட்டாலும் பதில் சொல்லுதாங்க. ஆனா அங்கன ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

ஜாஹிரா எல்லோருக்கும் ஐந்து ஒன்பது ஒன்பது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கிற்று. நீலாவிடம் அதைச் சொன்னால் ஒன்றும் புரியாது என்று விட்டுவிட்டேன்.

பூவே தீவில் கூடாரம் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள் நீலா திரும்பி வந்து, "ஜாஹிரா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. தென்னை மட்ட விழுந்து மாடிக் கம்பி அந்துபோய்க் கெடக்காம். மலைப்பக்கத்துக் கம்பி. அண்ணாச்சி வந்து கட்டித் தர முடியுமான்னு கேக்காங்க" என்றாள். இரண்டு மாசமாக யாரிடமும் எதையும் கேட்காத மனுஷி கேட்ட முதல் காரியம் அது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பூவே வேண்டும். மீரானுக்குக் கிடைக்காததை, இந்த வீட்டில் இருக்கிற கடைசி மாசங்களில் அவர் பிடிக்க நினைக்கிறார். தன்னுடைய கால்சைனில் பிடித்தால் அது மீரான் கணக்கில் சேராது. அதுவும் அவருக்குத் தெரியும்.

வெளிப்படி வழியாக மாடிக்குப் போனேன். ரேடியோ அறையின் ஜன்னலில் திரை போட்டிருந்தது. நான் மொட்டைமாடியில், ஜாஹிரா அறைக்குள், நீலா வாசலில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கடத்தினாள்.

"இந்தக் கம்பி நீளம் சரியா இருக்கான்னு கேளு."

"நீளம் சரியாங்காங்க" என்று நீலா உள்ளே பார்த்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரி, ஆனா ஒரு சாண் கூட்டிக் கட்டச் சொல்லுதாங்க. மலைய எட்டிப் பாக்கணுமாம்." கொஞ்ச நேரம் கழித்து நீலாவே, "கம்பி எப்படிங்க எட்டிப் பாக்கும்?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்று ராத்திரி எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

கம்பியைத் தென்னை மரத்துக்கு மாற்றாகப் பக்கத்துக் காலிமனைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினேன். அப்போது மதினி படியேறி வந்து சத்தம் போட்டார். "இத்தாவுல இருக்கவ ஊர்பேர் தெரியாத ஆம்பளைகட்ட பேசுததுக்கு மெஷினு கட்டிக் குடுக்கீகளோ?"

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள்ளிருந்து ஜாஹிராவின் குரல் வந்தது. இரண்டு மாசத்தில் நான் கேட்ட முதல் குரல். "பேசுததில்ல மதினி. விரலால தட்டுதது. என் சத்தம் வெளிய போவாது."

"தட்டுததுன்னா தட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு மதினி கீழே இறங்கிப் போனார். அந்தம்மாவை நான் பத்ரகாளி என்று நினைத்திருந்தேன். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவு எனக்கு இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது. என் வீடு தென்காசியில் கீழ்ப்பக்கம், மலையிலிருந்து நன்றாகத் தள்ளி. என் கால்சைனை அவன் திருப்பிச் சொன்னபோது நாற்காலியிலிருந்து குதித்தேன். சந்தோஷம் ஒரு பத்து நிமிஷம் இருந்தது. பிறகு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். போனில் மீரான் நம்பர் இன்னும் முதலில்தான் இருக்கிறது.

ஜாஹிரா ஒவ்வொரு சாயங்காலமும் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தார். மேலகரத்தில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த வேளையில்தான் தீவுப் பக்கம் நமக்குத் திறக்கும். நான் என் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் இருப்பதால் அவருடைய சத்தம் எனக்கு மத்தளமாகக் கேட்கும். தீவுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. தன்னுடைய கால்சைனை நிதானமாகத் தட்டினார். பழக்கமில்லாத பெயர், ஒவ்வொரு எழுத்தாக வந்தது. ஜப்பான்காரன் கூப்பிட்டான், இத்தாலிக்காரன் மேலே விழுந்தான், ரஷ்யாக்காரன் முந்தினான். தீவு இவரைத் தவிர எல்லோரையும் எடுத்தது.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் அவருடைய ரேடியோவில் கரகரவென்று ஓர் இரைச்சல் வருகிறது என்று நீலா மூலம் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் மாடத்தியின் இட்லிக் கடையில் புதிதாக ஓடுகிற எழுத்து விளக்குப் பலகை மாட்டியிருந்தாள். மலிவுப் பலகை, வானத்தையே நாறடித்துக்கொண்டிருந்தது. சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன்.

"அந்தக்கா வீட்டுக்கா? அத மொதல்லயே சொல்லாண்டாமா? இருட்டுத வரைக்கும் போடல அண்ணாச்சி. இட்லி இருக்குன்னு பலக சொல்லித்தான் தெரியணுமா?" என்று அணைத்துவிட்டாள். வரிந்துகட்டிக்கொண்டு போனவன் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலம் வானம் நன்றாக இருந்தது. தீவுக்காரன் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஜாஹிராவும் வேகம் பிடித்தார். தீவு ஒருவனை முடித்து அடுத்தவனுக்குக் காது கொடுக்கிற நொடியில் சரியாக உள்ளே விழுந்தார். நாலு வருஷமாக மீரானுக்குத் தட்டிய அந்தக் கை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இடுப்பு நேராகிவிட்டது. இன்றைக்கு விழுந்துவிடும் என்று தோன்றியது. அடுத்த தடவை அவர் தட்டியதைக் கேட்டு ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

அவர் தட்டியது மீரானின் கால்சைனை.

ஒரு நொடி நெரிசல் அடங்கியது. தீவிலிருந்து பதில் வந்தது. மெலிசாக, ஆனால் ஓர் எழுத்துப் பிசகாமல், மீரானின் கால்சைன். பின்னால் ஐந்து ஒன்பது ஒன்பது.

ஜாஹிராவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திருத்தப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, அது அல்ல, என் கால்சைன் இது என்று தட்டினால் போதும், அவன் மாற்றி எழுதிக்கொள்வான். தினமும் நடக்கிற காரியம். பதில் வராததால் தீவுக்காரன் இன்னொரு முறை கூப்பிட்டான். மறுபடியும் மீரானைத்தான்.

அப்போது ஜாஹிரா பதில் தட்டினார். ஐந்து ஒன்பது ஒன்பது. நன்றி.

தீவு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மீரானுக்குப் பூவே கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. செத்தவன் பெயரில் தட்டுவது எங்களிடம் எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்தவர் செய்துவிட்டாரே என்ற ஆத்திரம்.

இப்போதெல்லாம் தீவுக்காரர்கள் தங்கள் பதிவை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். யார் யாருக்குக் கிடைத்தது என்று எவன் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புளியங்குடிக் காஜா, "மீரான் பாய்க்கு வாழ்த்துகள், கடைசியில பூவே கிடைச்சிட்டு" என்று பூச்செண்டு படம் போட்டான். துபாயில் இருந்த ஆறு மாசமும் குழுவைத் திறந்து பார்க்காமல் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான், மீரான் இறந்தது தெரியாது. உடனே நாலு பேர் பாய்ந்தார்கள். மீரான் சைலன்ட் கீ ஆகி மாசக்கணக்காகிறது, எவனோ அவர் கால்சைனைத் திருடியிருக்கிறான் என்றார்கள். மெட்ராஸிலிருந்து ஒருவர், ரேடியோவில் ஒரு வார்த்தை பேசாதவர், வாட்ஸ்அப்பில் மட்டும் சூரர், "கள்ளன் யார் என்று கண்டுபிடித்து லைசென்ஸை ரத்து செய்ய எழுத வேண்டும்" என்று முழங்கினார். மீரானின் கால்சைனுக்குப் பக்கத்தில் கள்ளன் என்ற வார்த்தை. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒன்றும் எழுதவில்லை.

காலையில் நீலாவை அழைத்துக்கொண்டு மேலகரத்துக்குப் போனேன். வெளிப்படியேறி மாடியில் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். செய்தி கடத்த நீலா வாயெடுத்தாள். "நானே பேசுதேன் மைனி" என்று ஜாஹிரா உள்ளே இருந்து சொன்னார்.

"என்ன தங்கச்சி இது?" என்றேன். ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபம், கேள்வியாக வரும்போது அவ்வளவுதான் இருந்தது.

"வேணும்னு தட்டல அண்ணாச்சி. என்னுததைத்தான் தட்டிக்கிட்டிருந்தேன். வேகம் வந்ததும் கை தானா அவுகளுததைத் தட்டிட்டு. தட்டின பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது."

"சரி, கை தவறிட்டு. அவன் திருப்பிச் சொன்னாம்லா? அப்ப திருத்தியிருக்கலாமே?"

"திருத்தியிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

திரை அசையவில்லை. கீழே மதினி பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது.

"இந்த வீட்ல இப்ப யாரும் அவுக பேரச் சொல்லுததில்ல" என்றார் ஜாஹிரா. "மௌத்தானவுகங்காக. ஆசிக் வாப்பாங்காக. எனக்கு நோவும்னு பாக்காக. பேரச் சொல்லிக் கூப்பிட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அங்கன ஒருத்தன் அவுகளக் கூப்பிடுதான் அண்ணாச்சி. பதில் சொல்லலன்னதும் திரும்பவும் கூப்பிடுதான். அப்படி ஒருத்தர் இல்லன்னு நான் எப்படித் தட்டுவேன்?"

அழுகிற குரல் இல்லை. கடைக்குப் போனால் எண்ணெய் வாங்கி வாருங்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழுவில் எழுதியவர்களில் ஒருவனாவது இந்த மாடியில் வந்து நின்று பதில் சொல்லட்டும் என்று எனக்கு இருந்தது.

"நான் வாயத் திறக்க மாட்டேன். அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும். தீவு அவனுக்குக் கெடச்சதாவே இருக்கட்டும். யாருக்கு என்ன நட்டம்?" என்றேன். எங்கள் வழக்கம், ஒழுங்கு எல்லாவற்றையும் நானே குப்பையில் போட்டேன், மனசாரத்தான்.

"வேண்டாம்" என்றார். "காஜா போட்டதும் பாத்தேன், மத்தவுக போட்டதும் பாத்தேன். அவுக கால்சைனக் கள்ளச் சைன்னு சொல்லவிடக் கூடாது. எடுக்கச் சொல்லி எழுதுவோம். இங்கிலீஷுல நீங்க எழுதுங்க, நான் சொல்லுதேன்."

மாடிச் சுவரில் உட்கார்ந்து போனை எடுத்தேன். தீவுக் குழுவின் பதிவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எழுத வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம், இந்தக் கால்சைன், இதை நீக்கவும் என்பது வரை நானே எழுதிவிட்டேன்.

"காரணம் என்ன போட? தப்பாப் பதிவாயிட்டுன்னு போட்டாப் போதும்."

"உள்ளதப் போடுங்க."

"சொல்லு."

மலையில் வெயில் ஏறியிருந்தது. குற்றாலம் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் உள்ளே இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று நீலாவைப் பார்த்தேன். இருக்கிறார் என்று அவள் தலையாட்டினாள்.

"இந்தக் கால்சைனுக்குரியவுக உயிரோட இல்லன்னு போடுங்க."

போட்டேன்.

"பேரு போடுங்க. முகம்மது மீரான்."

போட்டேன்.

"அவுக சம்சாரம் கை தவறித் தட்டிட்டா, திருத்தாம விட்டுட்டான்னு போடுங்க."

அதை எழுதும்போது இரண்டு தடவை பிழையாக அடித்து அழித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். "போட்டாச்சு. அனுப்பிரவா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணாச்சி. கூப்பிட்டதுக்கு நன்றின்னு போடுங்க. ரெண்டு தடவ கூப்பிட்டதுக்கு."

எழுதி அனுப்பினேன். நாம் அடுத்த வேலையைப் பார்ப்போம், தீவில் இன்னும் நாலு நாள் இருப்பார்கள், உன் கால்சைனில் மறுபடி கூப்பிடு என்று சொன்னேன். "பாப்போம்" என்றார். அன்று சாயங்காலம் நான் ஹெட்போனோடு காத்திருந்தேன். அடுத்த நாளும் காத்திருந்தேன். மேலகரத்திலிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை.

தீவிலிருந்து பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம், நீக்கிவிட்டோம் என்று இரண்டு வரி. குழுவில் நான் நடந்ததை உள்ளபடி எழுதினேன். மெட்ராஸ்காரர் மன்னிப்புக் கேட்டார், காஜா போனில் கூப்பிட்டு அழுதான். எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இணையப் பக்கத்தில் மீரானின் கால்சைனைப் போட்டுத் தேடினேன். இந்தக் கால்சைன் பதிவில் இல்லை என்று வந்தது. வேலை முடிந்துவிட்டது, பார்த்துக்கொள்ளச் சொல் என்று நீலாவிடம் சொல்லி அனுப்பினேன்.

நீலா போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் சொல்லி அனுப்பியதற்கு முன்பே ஜாஹிரா பார்த்துவிட்டாராம். காலையிலிருந்து போனை வைத்துக்கொண்டு அந்தக் கால்சைனைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.